நேராக நின்ற மரங்கள்

ஏப்ரல் 3

அக்கா வீட்டுக்கு வந்து இறங்கியாயிற்று. முன்னால் ஓடை, பின்னால் வீட்டை ஒட்டியே மலைச்சரிவு, சரிவு முழுக்க நெடுமரங்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் வேறு வீடே இல்லை. டைரக்டர் கேட்ட அமைதி இதுதான். எங்கள் அனிமே கார்ட்டூன் தொடரில் எதுவும் நடக்காது. ஒரு பெண் துணி உலர்த்துவாள், பூனை தூங்கும், மேகம் போகும். பார்க்கிறவர்களுக்கு மனசு லேசாக வேண்டும், அவ்வளவுதான். ஆட்களை வரைய வேறு ஆள் உண்டு. வீடு, மரம், வானம் எல்லாம் என் தலையில்.

"ஒண்ணுமே நடக்காததுக்கா உனக்குச் சம்பளம் குடுக்குறாங்க?" என்றாள் அக்கா, தையல் மெஷினை மிதித்தபடி. கொழுப்பைப் பார்.

ஏப்ரல் 6

ஓடைக்கு அக்கரையில் ஒரு பாறை. அதில் உட்கார்ந்து, ஊடே பார்த்தால் தெரியும் டிரேசிங் தாளில் பென்சிலால் வீட்டையும் சரிவையும் உள்ளபடி எடுத்தேன். மரங்கள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. சாய்ந்த கோடு கண்ணை உறுத்தும், எல்லாம் நிமிர்ந்தே நிற்கட்டும் என்பது டைரக்டரின் சட்டம். வண்ணம் தீட்டும்போது நிமிர்த்திவிட்டேன், கரண்ட் கம்பத்தையும் சேர்த்து. யோசிக்காமலே கை செய்துவிடும் வேலை.

வண்ணப் படத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டு அக்காவிடம் கொடுத்தேன்; பென்சில் தாள் என்னிடமே. சட்டம் போட்டு மெஷினுக்கு மேலே மாட்டிக்கொண்டாள்.

ஏப்ரல் 15

சமையலறைக் கதவு மூட மாட்டேன் என்கிறது. "மரம் ஊதியிருக்கும்" என்று அக்கா விளிம்பைச் சீவினாள். மழையே இல்லையே, எதைக் குடித்து ஊதியது?

அடுப்படியே கதியென்று கிடந்த பூனை — துரை என்று கூப்பிடுகிறாள் — இப்போது வாசல் கேட்டருகே போய்ப் படுக்கிறது. தூக்கி வந்து விட்டால் திரும்ப ஓடுகிறது.

ஏப்ரல் 22

அக்காவின் கையிலிருந்து நூல்கண்டு விழுந்தது. தரையில் மெதுவாக உருண்டு, நிற்காமல், வாசற்படி வரை போயிற்று. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். "பேய்க்கும் சட்டை தைக்கணும் போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 23

பின்பக்க ஊற்றில் தண்ணீர் கலங்கி வருகிறது. இன்னும் ஒரு சொட்டு மழை இல்லை.

மே 2

டைரக்டருக்கு அதே இடம், சாயங்கால வெளிச்சத்தில், ஜன்னலில் மஞ்சளாக ஒரு விளக்கோடு வேண்டுமாம். மறுபடி எதற்கு வரைவானேன் என்ற சோம்பலில் பழைய பென்சில் தாளை எடுத்துக்கொண்டு போய் அதே பாறையில் உட்கார்ந்தேன். தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் வீடு பொருந்துகிறது. ஓடை பொருந்துகிறது. மரங்கள் பொருந்தவில்லை. ஒன்றுகூட! அத்தனையும் வீட்டுப் பக்கமாகத் தலை கவிழ்ந்து நிற்கின்றன. கம்பமும்தான்.

தினமும் பார்த்தேனே, எப்படித் தெரியாமல் போயிற்று? பார்த்ததையெல்லாம் நிமிர்த்திக்கொண்டேதானே இருந்தேன்.

ஓடிவந்து சொன்னேன். மலை நகருதுக்கா, கிளம்பு. அவள் சுவரைக் காட்டினாள். "நீ வரைஞ்சதுதானே? பாரு, நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

"அது பொய்க்கா."

"அது பொய்ன்னா இந்தத் தாள் மட்டும் என்ன நெசமா? தைச்சுத் தைச்சுக் கட்டின வீடுடி. உன் கிறுக்கலுக்காக விட்டுட்டு வர முடியாது."

நான் வரைந்த படம் இவளைக் கொன்றுவிடுமோ? ஐயோ, என்ன எழுதுகிறேன்.

மே 4

மேகம் கறுத்துவிட்டது. சண்டை போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் உட்கார வைத்தேன். தாளைக் கையில் கொடுத்தேன். நீயே பிடித்துப் பார்.

தினமும் துணிமேல் காகிதம் வைத்து வெட்டுகிறவள் அல்லவா. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"அளவு தப்புதுடி" என்றாள். அப்புறம், "மெஷினை விட்டுட்டு வரமாட்டேன்."

மே 5

சின்ன லாரியில் மெஷின், துணிமூட்டை, கூடைக்குள் துரை. மழை பிடித்துக்கொண்டது. நான் கத்தக் கத்த, அவள் அறை அறையாகப் போய் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பூட்டினாள். படத்தை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 7

நகரத்தில் என் வீடு. விடாத மழை. டைரக்டர் அவசரப்படுத்துகிறார். சாயங்காலப் படத்தை முடித்தேன். மரங்களை நிமிர்த்தித்தான். வெட்கங்கெட்ட கை.

மே 9

அக்கா ஊர்ப் பால்காரர் போன் செய்தார். விடிந்ததும் சரிவு மொத்தமாக இறங்கிவிட்டதாம். "வீடு எங்க இருந்துச்சுன்னே தெரியலைம்மா." அக்கா மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழிந்து தரையெல்லாம் ஓடியது.

ஆகஸ்ட் 18

முதல் பாகம் வெளியாயிற்று. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. 'இந்த வீட்டிலேயே போய் இருந்துவிடலாம் போலிருக்கிறது' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

வேண்டாம் என்றேன், அக்கா கேட்கவில்லை. என்னோடு உட்கார்ந்து பார்த்தாள். துணி உலர்ந்தது, மேகம் போனது. சாயங்காலம் வந்தது. மரங்கள் நேராக நின்றன. அவள் வீட்டு ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எல்லா லைட்டையும் அணைச்சிட்டுத்தானேடி பூட்டினேன்?"