ஆணியில் மாட்டிய சவுரிமுடி

கார்த்திகை 9, செவ்வாய்.

பிள்ளை பெற்று ஆறு மாதமாகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. "பிரசவத்துக்குப் பொறவு அப்படித்தாம்மா, தானா வளந்துரும்" என்றார் ராஜபாளையத்து டாக்டரம்மா. நாளை சொந்தத்தில் ஒரு கல்யாணம்; அதற்குள் வளர்ந்துவிடுமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சவுரிமுடி வாங்கிவந்து ஆணியில் மாட்டினேன்.

என் சடையைப் பிடித்துக்கொண்டுதான் மகள் தூங்குவாள். இன்று அதை உதறிவிட்டு, ஆணியைப் பார்த்தே அழுதாள். சவுரியைக் கையில் கொடுத்ததும் தூங்கிவிட்டாள்.

மாமியார் பதறினார். "ஏட்டி, கொட்டுன முடிய வீடு வீடா வாங்கித்தான் இதச் செய்யுதாவ. எந்தப் பிள்ளக்காரி முடியோ!"

மெல்ல இழுத்தேன். மகளின் விரல்கள் விடவில்லை. சவுரியை முகர்ந்து பார்த்தேன். தாய்ப்பால் வாசனை.

எனக்குப் பால் வற்றி இரண்டு மாதமாகிறது.