சோளக்காட்டில் எடுத்த ரத்தம்

1999 ஜூலை 5, திங்கள்
விடாத தூறல். போர்வை காயவில்லை. மலை ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் டாக்டரின் ரத்த ஆய்வுக் கணக்கைப் போட்டு முடித்தேன். இளைப்பு, அதாவது ஆஸ்துமா, உள்ளவர்களிடம் ஒரு வகை மரபணு அதிகம், நோய் இல்லாதவர்களிடம் குறைவு. தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வித்தியாசம்! டாக்டர் ஆளுக்கொரு ஜாங்கிரி கொடுத்தார். நான் இரண்டு தின்றேன்.

ஆஸ்பத்திரி ஆயா பொன்னிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. அவள் மகள் மல்லிகாவுக்கு இளைப்பு. மலையிலேயே இருக்கும் பைல் நாட்டில் மாப்பிள்ளை பார்த்து, பேச்சு முடியும் நேரம்.

"ஏனுங்க, அப்ப எங்க ரத்தத்துலயே கோளாறுங்களா? மாப்பிள்ள ஊட்டுல ரிப்போர்ட்டு வரட்டும்னு நிக்கறாங்க."



ஜூலை 11, ஞாயிறு
சோப்பு, அஞ்சல் தலை, மண்ணெண்ணெய். மலைச் சந்தை ஊரான சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அம்மாவின் தம்பி, எங்கள் மாமு! கீழே சேந்தமங்கலத்திலிருந்து மிளகு வாங்க வந்திருந்தார். என் வேலையைச் சொன்னதும் ஒரே சிரிப்பு.

"உங்க டாக்டருக்கு நானும் ரத்தம் குடுத்தேனே கண்ணு. பஸ் வர்ற வரைக்கும் சும்மாத்தானே நின்னோம். யாவாரிங்க எல்லாருமே கைய நீட்டிட்டோம்."

நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே எடுத்த ரத்தம் அது. நோயாளிகள் எல்லாரும் மலைக்காரர்கள். நோய் இல்லாதவர்கள் என்று பிடித்ததோ கீழ்நாட்டு வியாபாரிகளை! மலைக்காரர்களிடம் அந்த வகை இயல்பாகவே அதிகம் இருக்கலாம், இளைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும். மாமுவையும் மல்லிகாவையும் ஒப்பிட்டு இதென்ன கணக்கு?

ஜூலை 12
டாக்டரிடம் சொன்னேன், பயந்துகொண்டே. "நல்லவேளை, இப்பவே சொன்னே" என்றார். உயிர் வந்தது.

இனி வழி: குடும்பத்துக்குள்ளேயே பார்ப்பது. அப்பா, அம்மா, இளைப்புள்ள பிள்ளை. பெற்றவர் ஒவ்வொருவரிடமும் அந்த மரபணு இரண்டிரண்டு பிரதி; இரண்டும் வேறு வேறு வகையாக உள்ளவர்களை மட்டும் எண்ண வேண்டும். பிள்ளைக்குப் போவது ஒன்று. போனது எது, தங்கியது எது? அந்த வகைதான் குற்றவாளி என்றால் பாதிக்கு மேல் அதுவே போயிருக்கும். போனதும் தங்கியதும் ஒரே ஆளுடையது, மலையா கீழ்நாடா என்ற பேச்சே எழாது.

மூவரையும் ஒன்றாக எங்கே பிடிப்பது? பொன்னி சொன்னாள்: "ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்கு வாங்க. ஊட்டப் பூட்டிக்கிட்டு மொத்தமா வருவாங்க."

ஆடி 18
வெயில்! மொட்டைத் தலைகள், பொரி, பலாச்சுளை. குடும்பம் குடும்பமாக வந்து கை நீட்டினார்கள். ஓர் அப்பாவுக்கு ஊசியைக் கண்டதுமே மயக்கம், பிள்ளை துண்டால் விசிறியது. கால் வலி. ரொம்ப சந்தோஷம்.

அக்டோபர் 17, ஞாயிறு
நேற்று கணக்கு முடிந்தது. போனதும் தங்கியதும் ஏறக்குறைய சரிபாதி, காசு சுண்டிவிட்ட மாதிரி. அந்த வித்தியாசம் காணாமலே போய்விட்டது! பொன்னி வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்ப பொண்ணு ரத்தத்துல ஒண்ணும் இல்லீங்களே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இந்த ஒரு மரபணு மேல தப்பில்லைங்க. மத்தது தெரியாது" என்றேன். பொன்னி என்னை முறைத்தாள்.

மாப்பிள்ளை முருகேசன் எழுந்து சட்டைக் கையை மடக்கினான்.

"எனக்கும் இளைப்புதானுங்க. ஊட்டுல சொல்ல வேண்டாம்னாங்க. என்னுதையும் எடுத்துக்கங்க."

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். முதலில் சிரித்தது உள்ளே இருந்த மல்லிகா. பிறகு எல்லாரும். நான் ஊசி கொண்டுபோகவில்லை. வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு வந்தேன்.