கப்பல் கதவு

ஆனி 9, புதன்.

இன்றைக்கு எங்கட புது வீட்டுக்குக் கதவு போட்டாச்சு. சண்டை நேரம் எங்களுக்கு மாவும் சீனியும் கொண்டுவந்த கப்பலின் இரும்புக் கதவு. தலைமன்னாரில் தரைதட்டிக் கிடந்த அந்தக் கப்பலை இப்ப வெட்டி விற்கினம். மரக்கதவு வேண்டாம், இதுதான் வேணுமென்று மகனிட்ட நான்தான் பிடிவாதம் பிடிச்சனான்.

கப்பலுக்குள்ள கடல் தண்ணி வராமல் இருக்கச் செய்த கதவெண்டபடியால், நிலையின் அடி முழங்கால் உயரத்துக்கு நிற்குது. அதை நான் யோசிக்கேல்லை. அதைத் தாண்ட என்ர கால் எழும்பேல்லை.

"கப்பல் வெளிக்கிடப் போகுது, ஏறுங்கோ மாமி" என்று மருமகள் சிரிச்சாள்.

"வெளியில காத்து நல்லாயிருக்கு" என்று கதிரையிலேயே இருந்திட்டன். ஒருத்தரும் பார்க்காத நேரம் பின்பக்கக் குசினி வாசலால் உள்ள போனனான்.

பொழுதுபட வந்து பார்த்தால், வாசலுக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் கல் அடுக்கிப் படி வைச்சிருக்கு.

"கோழி ஏறி இறங்க, மாமி" என்றாள்.

ஓம் என்றன். எங்களிட்டக் கோழி இல்லை.

இப்ப கதவு சாத்தியிருக்கு. காதை வைச்சால் இரும்புக்குள்ள கடல் இரையுது. கதவில இருக்கிற வட்டக் கண்ணாடியால் நிலவு வந்து என்ர பாயில் கிடக்குது. வீடு மெல்ல அசையிற மாதிரி இருக்கு. எங்க போகுதோ, போகட்டும். நான் ஏறிட்டன்.