முப்பது டன் பாலம்

டாங்கிப் படைக் குடியிருப்பு,
கிழக்கு ஜாவா.
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய முர்வானி அண்ணிக்கு,

லெப்டினன்ட் பார்லின் எழுதுவது. நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் உங்கள் நலத்தைக் கெடுத்தவனே நான் என்பதால் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகள் உலானும் செகாரும் பொனோரோகோவில் புதுப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள் என்று கான்டீனில் சொன்னார்கள். உலானுக்கு நான் வாங்கித் தருவதாகச் சொன்ன ஜியோமெட்ரி பாக்ஸ் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் முடிப்பதற்குள் நீங்கள் "பரவாயில்ல தம்பி" என்று சொல்லிவிடுவீர்கள். நானும் அதைப் பிடித்துக்கொண்டு போனை வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உறையைப் பிரித்தபோது கட்டம் போட்ட ஒரு சின்னத் தாள் விழுந்திருக்கும். ஓரத்தில் கிரீஸ் கறை இருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அது என்ன என்று கீழே எழுதியிருக்கிறேன்.

போன மாதம் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "பாலத்து மேல பிரேக் போட்டது அவ்வளவு பெரிய தப்பா தம்பி? நீங்க படிச்சவங்க. உள்ளத சொல்லுங்க." நான் "விசாரணை நடக்குது அண்ணி, இப்ப ஒண்ணும் பேசக் கூடாது" என்று சொல்லி டீ வரவழைத்தேன். நீங்கள் டீயைத் தொடவில்லை. எனக்கென்று கொண்டுவந்த சோயா டெம்பே வறுவலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான்: தப்பு இல்லை. கார்சொனோ அண்ணன் பிரேக் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அந்தப் பாலம் விழுந்திருக்கும். அது எனக்கு முந்தின நாளே தெரியும்.

முக்கியமானதைச் சொல்லிவிட்டேன். இனி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் எழுத வரும்.

இந்த டாங்கிகள் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படையை நவீனமாக்குகிறோம் என்று அரசாங்கம் சொன்னது. அடுத்தவன் ஓட்டித் தேய்த்த பழைய இரும்பு, அதுவும் நம் ரோட்டுக்கும் பாலத்துக்கும் தாங்காத இரும்பு என்று பேப்பர்காரர்கள் எழுதினார்கள். அண்ணன் செய்தது வேறு. உங்களை மஞ்சள் சோறு சமைக்கச் சொல்லி, அதைக் கோபுரமாகக் குவித்து தான் ஓட்டும் மூன்றாம் நம்பர் டாங்கிக்கு முன்னால் வைத்துப் பிரார்த்தனை செய்தார். நான் ஏரிக்கரையில் பிறந்த பாதாக் இனத்தவன், சர்ச்சுக்குப் போகிறவன். "இரும்பு சோறு திங்குமா?" என்று கேட்டேன். "அது திங்காது சார், அதனாலதான் நீங்க வந்திருக்கீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கோபுரத்தின் உச்சியை வெட்டினார். கூட்டத்தில் யாரை ரொம்ப மதிக்கிறார்களோ அவருக்குத்தான் அது போகும். கமாண்டர் பக்கத்தில் நிற்கும்போதே அண்ணன் அதை வாழையிலையில் வைத்து என்னிடம் நீட்டினார். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. நான் மூன்று தட்டு சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து உங்கள் வீட்டில்தான் எனக்குப் பாதிச் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே உங்கள் ஊரைக் கேலி செய்வேன். "இல்லைன்னு ஒரு வார்த்தை இருக்கே, அத இந்த ஊர்க் கடையில விக்கிறதே இல்லையா?" என்று கேட்பேன். அண்ணன் சிரித்துக்கொண்டே, "இருக்கு சார். விருந்தாளி போனப்புறம்தான் வெளிய எடுப்போம்" என்பார். எங்கள் ஊரில் மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வோம் என்று நான் பெருமையடித்துக்கொள்வேன்.

படை தினக் கண்காட்சிக்கு முந்தின நாள் கமாண்டர் என்னைக் கூப்பிட்டு, மாற்றுவழிகளைப் பார்த்துவைக்கச் சொன்னார். மைதானத்துக்குப் போகும் கிராமத்துப் பாலத்தின் அடியில் இறங்கினேன். மேலே கான்கிரீட், கீழே நான்கு இரும்பு உத்தரங்கள். துருவைச் சுரண்டிவிட்டு அளந்தேன். பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தத் தாள்தான் உங்கள் கையில் இருப்பது. அதில் கடைசி வரி இதுதான்: "முப்பது டன். டாங்கி கூடவே கூடாது." கீழே தேதி, மணி, என் கையெழுத்து. நம் டாங்கியின் எடை அறுபது டன்.

மறுநாள் காலையில் டாங்கியை ஏற்றிவந்த டிரெய்லர் சந்தை முக்கில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. டாங்கியை இறக்கினோம். விருந்தினர் வர ஒரு மணி நேரம் இருந்தது. கிராமத்துப் பாலம் வழியாகப் போனால் கால் மணி. கரும்பு ஆலை வழியாகச் சுற்றினால் கண்காட்சி தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர முடியும். டிவி கேமரா இருந்தது. பழைய இரும்பு என்று எழுதிய நிருபரும் நின்றிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி அவர் கேட்டார்: "என்ன சார், டாங்கி வாங்கியாச்சு. ரோட்டையும் ஜெர்மனியிலேருந்தே வாங்கிடலாமா?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

கமாண்டரைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்த் தெளிவாகவே கேட்டார். "நேத்து பாத்தியே, பாலம் தாங்குமா? தாங்காதுன்னா சொல்லிடு, சுத்திப் போவோம். வர்றவங்க வெயிட் பண்ணட்டும்." இதைவிட நல்ல கேள்வியை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. கணக்கில் எப்போதும் பாதுகாப்புக்காகக் குறைத்துத்தானே போடுகிறோம், மெதுவாகப் போனால் ஒரு தடவை தாங்கிவிடும் என்று இரண்டு மூன்று வினாடிக்குள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படையில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான். அதையே சொன்னேன்: "தயார் சார்!"

அண்ணன் டாங்கியைப் பாலத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்கினார். அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். சட்டைக் கையில் துருத் தூள் ஒட்டியிருந்தது. "பாலத்துக்கு வயசாயிடுச்சு போல சார். கரும்பு ஆலை ரோடு நல்லா இருக்கும். வழியில டீயும் கிடைக்கும்" என்றார். இரண்டு வருடம் உங்கள் வீட்டில் சாப்பிட்டவன் நான். டீ என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரியாதா? "டீ குடிக்கவா வந்தோம் சார்ஜென்ட்? ஆறு மாசம் ஜெர்மனியில டிரெய்னிங் போய் நான் என்ன ஆடா மேய்ச்சேன்? ஏறுங்க" என்று கத்தினேன். என்னைவிடப் பதின்மூன்று வயது பெரியவரை, அவருடைய டாங்கிப் பையன்களுக்கு முன்னால். அவர் சிரித்தார். "தயார் சார்" என்று சொல்லிவிட்டு ஏறினார்.

நடுப் பாலத்துக்கு வந்தபோது எதிர்க்கரையில் வாத்துக்காரர் ஒருவர் தன் கூட்டத்தோடு ரோட்டில் ஏறிவிட்டார். அண்ணன் பிரேக் போட்டார். போடாமல் அந்த ஆளின்மேல் ஏற்றியிருக்க வேண்டுமா? இடதுபக்க உத்தரம் போனது. டாங்கி சாய்ந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. அண்ணனுக்கு இரண்டு விலா எலும்பு, பீரங்கி சுடும் பையனுக்குத் தோள்பட்டை. யாரும் சாகவில்லை. அதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை.

டிவியில் வந்தது பிரேக் விளக்கு எரிந்ததும் பாலம் விழுந்ததும்தான். அதை வைத்து எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பாலம் நல்ல பாலம், டாங்கி நல்ல டாங்கி, டிரைவர்தான் சரியில்லை. இப்படி வைத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடமில்லை, டாங்கி வாங்கியவர்களுக்கும் பாலம் பார்த்தவனுக்கும்.

மூன்றாம் நாள் அந்த ஊர்த் தலைவர் முகாமுக்கு வந்தார். வீட்டுக்கு ஓர் ஆள் என்று இறங்கி வேலை செய்து அவர்கள் கட்டிய பாலம் அது. சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு தார் வாழைப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு, "எங்க பாலத்தால உங்களுக்குச் சிரமம் ஆயிடுச்சு, மன்னிக்கணும்" என்று என்னிடம் சொன்னார். என்னிடம், அண்ணி. நான் "பரவாயில்லை" என்றேன். அப்படியேதான் சொன்னேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அண்ணனின் வாக்குமூலத்தை டைப் அடித்து என்னிடம் சாட்சிக் கையெழுத்துக்கு அனுப்பினார்கள். அதில் அவர் சொல்லியிருக்கிறார்: "பாலத்தின்மேல் பிரேக் போடக் கூடாது என்று லெப்டினன்ட் பார்லின் எனக்குத் தெளிவாக எச்சரித்திருந்தார். தவறு என்னுடையது." நான் அப்படி எதுவும் எச்சரிக்கவில்லை. கத்தினேன், அவ்வளவுதான். என்னைக் காப்பாற்றுவதற்காக அவராகவே அதைச் சேர்த்திருக்கிறார். நான் அதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மாலையே அண்ணனை வைத்திருக்கும் காவல் அறையிலிருந்து ஒரு சிப்பாய் வந்தான். அண்ணன் சொல்லி அனுப்பியது இதுதான்: "மழை வரப்போகுது. மூணாம் நம்பர் வாய்க்கால்ல கிடந்த வண்டி, காத்து வடிகட்டியை மாத்திடச் சொல்லு. லெப்டினன்ட் சார் நேரத்துக்குச் சாப்பிடறாரான்னும் கேட்டுட்டு வா." நான் அந்தச் சிப்பாய்க்கு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணை முடிகிறது. இப்போதிருக்கும் காகிதங்கள் மட்டும் போனால் அண்ணனைப் படையிலிருந்து நீக்கிவிடுவார்கள். பதினாறு வருட வேலை, பென்ஷன், இப்போது குடியிருப்பில் பூட்டிக் கிடக்கும் உங்கள் வீடு, எல்லாம் அன்றோடு போய்விடும். அதைத் தடுக்கிற ஒரே காகிதம் உங்கள் கையில் இருப்பதுதான்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். போனேன். வெள்ளிக்கிழமை இந்தத் தாளோடு விசாரணை அதிகாரியின் அறை வாசல்வரை போனேன். "என்ன லெப்டினன்ட்?" என்று கேட்டார். லீவு விண்ணப்பத் தாள் ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நேராகப் பேசுகிறவன் நேராகப் பேசிய லட்சணம் இது. அண்ணனிடம் கொடுத்தால் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துணி துவைக்கும்போது மறந்துவிட்டேன் என்பார். அதனால்தான் உங்களுக்கு அனுப்பினேன். நகல்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இதை இனிமேல் நான் நினைத்தாலும் கிழிக்க முடியாது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலுவலகக் கூடத்துக்கு வாருங்கள். குடும்பத்தார் உட்காரலாம். வாசலில் உங்கள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் வரிசையில், நான் நிற்கும் இடத்திலிருந்து முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். என்னைக் கூப்பிடும்போது உள்ளதைச் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய மாட்டேன். என் வாய் சும்மா நின்றால், அல்லது மறுபடியும் "தயார்" என்ற அந்த ஒரே வார்த்தையைச் சொன்னால், நீங்கள் எழுந்து அந்தத் தாளை நீட்டுங்கள். கீழே இருப்பது யாருடைய கையெழுத்து என்று அவர்கள் கேட்டால் என் முகத்தைக் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சின்னப் பையன், வேலை போய்விடும், ஊரில் அவனைப் பெற்றவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்றெல்லாம் இரக்கப்பட்டு இதை அடுப்பில் போட்டுவிடாதீர்கள். நீங்கள் போடக்கூடியவர் என்று எனக்குத் தெரியும்.

வரும்போது எனக்கென்று எதுவும் பொட்டலம் கட்டாதீர்கள் அண்ணி. டெம்பே வேண்டாம், மிளகாய்ச் சட்னி வேண்டாம். அந்தத் தாளை மட்டும் கொண்டுவாருங்கள்.

தங்கள் கையால் சாப்பிட்ட,
பார்லின் சிஹோம்பிங்