புளியமரத்தில் உன் முடி

என் மயிலு, என் கண்ணு,

புளியமரத்து ஆணியில் உன் முடி இன்னும் இருக்கிறது. கறம்பக்குடி பஸ் அந்த வளைவில் திரும்பும்போது நான் குனிந்துகொள்கிறேன். குனிந்தாலும் தெரிகிறது.

உன் தங்கச்சி அந்தப் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். "பேய் புடிச்சுச் செத்தவ தங்கச்சி" என்கிறார்களாம். சொல்லிவிட்டு அழாமல் சோறு தின்றாள்.

காலேஜ் விட்டு வந்தவள் இல்லாத ஆளோடு பேசினாய். சும்மாவே வாயை மென்றாய், கை தானாக முறுக்கிக்கொண்டது. "உச்சி வெயில்ல முந்திரிக்காட்டுக்குக் கொட்டை பொறுக்கப் போனாள்ல, அங்கிட்டுதான் புடிச்சிருக்கு" என்று உன் அத்தை கோடாங்கியைக் கூட்டி வந்தாள். அவன் உன் உச்சிமுடியை அறுத்து மரத்தில் ஆணி அடித்து, பேயைக் கட்டிவிட்டேன் என்றான். வலிப்பு வந்த பிறகுதான் உன்னைத் தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ஒரு காப்பு இருக்கும்மா, கண்டதை உள்ள விடாது. நோயை எதிர்க்கிற அணுக்களே அந்தக் காப்பைத் தளர்த்தி உள்ள போயிருச்சு. மூளையவே எதிரின்னு நெனைச்சு அடிக்குது" என்றார் டாக்டரம்மா.

நான் முந்திரிக்கொட்டை உடைக்கிறவள். "ஓட்டு எண்ணெய் பருப்புல படாம மெல்லிசா ஒரு தோல் இருக்குமே, அது கிழிஞ்ச மாதிரியாங்க?"

"அந்த மாதிரிதாம்மா. மொதல்லயே வந்திருந்தா மருந்து கேட்டிருக்கும்."

அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேய் என்றால் மண்ணை வாரித் தூற்றியாவது திட்டுவேன். உன் ரத்தத்தை நான் எப்படித் திட்டுவேன்?

நேற்று உன் அப்பாவிடம் ஆணியைப் பிடுங்கச் சொன்னேன். அத்தை பாய்ந்து வந்தாள். "தொட்டீன்னா எறங்கி வந்து சின்னவளப் புடிக்கும்டி. இருக்கிற ஒண்ணையும் எழந்துட்டு நிப்பியா?"

"அது எம் மக முடி. பேய் முடி இல்ல."

உன் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

விடிந்ததும் குறடு எடுத்துப் போய் நானே பிடுங்குவேன், கண்ணு. உன்னைப் புதைத்த இடத்தில், உன் தலைமாட்டில் வைத்து மூடுவேன். இது சத்தியம். அதனால் எனக்கு ஆறிவிடும் என்றெல்லாம் இல்லை. இனி எதுவும் ஆறாது.

அன்றைக்கு முடியை இழுத்தபோது "வலிக்குது ஆத்தா" என்று கத்தினாய். "பதில் பேசாதீங்க, கூப்புடுறது அது" என்றான் கோடாங்கி. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

உன்னைப் பெத்த ஆத்தா கேட்கிறேன்: என்னைக் கூப்பிட்டது நீதானே, மயிலு?