கோடை வீட்டுக்குக் கொடுத்த சம்மதம்

ஆல்போர்
ஏப்ரல் 9

அன்பு மகள் மாரெனுக்கு,

நீயும் மருமகனும் குழந்தை ஆல்வாவும் ஹாலிஃபாக்ஸில் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். நான் இங்கே சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, கழுத்துப் பிடிப்பு குறைந்திருக்கிறது, தூக்கம் கெட்டிருக்கிறது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் மறுபடியும் சரி என்று சொல்லிவிடுவேன், அதனால்தான். ஜூனில் உன் அம்மா லோனேவும் ஃப்ளெம்மிங்கும் நம் கடலோரக் கோடை வீட்டில் தங்கட்டும் என்று போன மாதம் சம்மதித்தேன் இல்லையா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு வர்றோம், ஆல்வா எல்லாரையும் ஒரே இடத்துல பாக்கணும், நீங்க தோட்டத்து அறையில படுத்துக்குங்கப்பா, உள்ளே படுக்கையறையை அம்மாவுக்கும் அவருக்கும் குடுத்திடலாம், ஒரு வாரந்தானே என்றாய். அதுக்கென்னம்மா, தாராளமா என்றேன். போனை வைத்த பிறகு பார்த்தால் தாடை இறுகிப்போய் வாயைத் திறக்க முடியவில்லை. விவாகரத்தில் ஆல்போர் வீட்டைக் கொடுத்துவிட்டு இந்த வாடகை அறைக்கு வந்தேன், நண்பர்களில் பாதிப் பேரைக் கொடுத்தேன், எனக்கென்று மிஞ்சியது மணல்மேட்டில் நிற்கும் அந்த மரவீடு ஒன்றுதான். அதிலும் நான் தோட்டத்துக் கொட்டகைக்குப் போகவேண்டும்.

போன சனிக்கிழமை ஜன்னல் சட்டங்களுக்குப் பெயிண்ட் அடிக்க அங்கே போயிருந்தேன். ஃப்ளெம்மிங்கின் கார் வந்து நின்றது, இறங்கியவன் கையில் அளவு நாடா. பயப்படாதப்பா, வீட்டை வாங்க வரலை என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். லோனேவுக்கு முதுகுவலி, அந்தக் கட்டில்ல படுத்தா மறுநாள் கிரேன் வெச்சுத்தான் தூக்கணும், எங்க மெத்தையையே கொண்டுவந்திடறேன், நீ பழசை எடுத்து வெச்சாப் போதும் என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா, காபி போட்டேன், கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த மீனும் எடுத்து வைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறைக்குள் போய், இந்த முனையைக் கொஞ்சம் பிடி அக்ஸெல் என்றான். பிடித்தேன். ஐம்பத்தேழு வயது, முப்பது வருடம் வரலாறு கற்பித்தவன், என் மனைவியை அழைத்துக்கொண்டு போனவனின் மெத்தைக்கு என் அறையிலேயே நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சிரித்துக்கொண்டும் நின்றேன். உன்னை மாதிரிப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். அன்று முதல் குளிக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அவனோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நான்தான் ஜெயிக்கிறேன்.

நீ விடாமல் நச்சரித்து அனுப்பினாயே, உடல் வழியாக மனதுக்கு மருத்துவம் பார்க்கும் போடில் அம்மாள், அவரிடம் செவ்வாய்க்கிழமை போய் இதைச் சொன்னேன். பாதத்தைக் கவனி, மூச்சைக் கவனி என்கிறாள், இதற்குப் படிப்பு வேறு என்று உனக்கு நான் கேலியாக எழுதியது நினைவிருக்கும். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, போதும்னு தோணுறப்ப சொல்லுங்க என்று தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்த ஆரம்பித்தார். நான் சொல்லவில்லை. அவர் நகர்த்திக்கொண்டே வந்தார். கடைசியில், எங்க இருக்கீங்கன்னு பாருங்க என்றார். என் நாற்காலி அறையைக் கடந்து ஜன்னலடி வெப்பக் குழாயில் முட்டி நின்றது, நான்தான் காலால் தள்ளிப் பின்னால் போயிருக்கிறேன், எனக்கே தெரியாமல். இப்பவும் சிரிக்கிறீங்க என்றார். அந்த அம்மாள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அப்புறம் எழுந்து நிற்கவைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, என்னைத் தள்ளுங்க, கையால இல்ல, கால்ல இருந்து தள்ளுங்க, வேண்டாம்னு சொல்லிக்கிட்டே தள்ளுங்க என்றார். முதல் இரண்டு தடவை முழங்கை மடங்கிவிட்டது, குரல் தொண்டையோடு நின்றது. மூன்றாவது தடவை குதிகால் தரையில் பதிந்தது, வேண்டாம் என்பது வயிற்றிலிருந்து வந்தது, அவர் ஓரடி பின்னால் போனார். இதை யார்கிட்டச் சொல்லணும் என்று கேட்டார். ஃப்ளெம்மிங் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது உன் பெயர்.

உண்மைதானே. கேட்டது நீ, சரி என்றது நான். உன் அம்மாவும் எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்தாள், நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் அவளை வெறுத்தேன். இப்போது மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, மன்னிக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் உன்னையும் சேர்த்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே மாரென், வேண்டாம். அவர்கள் அந்த வீட்டில் ஒரு நாள்கூடத் தங்க வேண்டாம். நடுக்கோடைத் தீ மூட்டும் நாளில் கடற்கரையில் எல்லாரும் சேர்ந்திருப்போம், நான் புது உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டுவருகிறேன், அவர்கள் ஊருக்குள் விடுதியில் தங்கட்டும். படுக்கையறை உங்கள் மூவருக்கும். உங்களுக்காக நான் கொட்டகையில் சந்தோஷமாகப் படுப்பேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து ஃப்ளெம்மிங்குக்குப் போன் செய்து சொன்னேன். விளையாடாதப்பா, காரணம் என்ன என்றான். காரணம் சொல்லவில்லை, இல்லை என்று மட்டும் சொன்னேன்.

இதைப் படித்து நீ பயணத்தையே நிறுத்திவிடலாம், அந்தப் பயத்தில் மூன்று தாளைக் கிழித்தேன். அப்படி ஆனால் ஆல்வா இந்த வருடமும் என்னைத் திரையில் மட்டுமே பார்ப்பாள். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

மருமகனுக்கு என் அன்பு, குழந்தைக்கு முத்தம், நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும். விமானச் சீட்டுக்கு இருபதாம் தேதி கடைசி என்றாய், மறக்காதே. மனத்தாங்கல் வந்தால் வாரக்கணக்கில் போனை எடுக்காதவன் உன் அப்பா என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை நீ திட்டுவதற்கென்றே கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு
உன் அப்பா
அக்ஸெல்