சறுக்குமரத்தைப் பற்றி விட்டுப்போன வரி

மணி ஆறு நாற்பது. நீங்கள் தூங்குகிறீர்கள். எழுப்பிப் பேச எனக்கு மனமில்லை. பாப்பாவைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அப்படியே வேலைக்குப் போகிறேன்.

பத்து மணிக்கு எதிர்வீட்டு அக்கா வருவார். நான்தான் வரச் சொன்னேன். நேற்று அவருடைய பையனுக்கு முழங்காலில் ஐந்து தையல். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற பூங்காவில் கிழித்துக்கொண்டான். போன வாரம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், "நம்ம ஏரியாவில் ஐந்து நல்ல பூங்காக்கள், நானே போய்ப் பார்த்தவை" என்று நீங்கள் போட்டதை நம்பித்தான் அங்கே கூட்டிப்போயிருக்கிறார்.

அது என் நோட்டில் இருந்த பட்டியல். எட்டு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவோடு அலைந்து எழுதியது. எடுத்ததுகூடப் போகட்டும். "சறுக்குமரத்தின் அடித்தகடு பெயர்ந்து கத்தி மாதிரி நிற்கிறது, சின்னப் பிள்ளைகள் வேண்டாம்" என்ற வரியை மட்டும் ஏன் விட்டீர்கள்? பார்க்க லட்சணமாக இல்லையா? அறுபது பேர் கைதட்டியதும் குளிர்ந்துபோயிருப்பீர்கள்.

அக்காவிடம் நடந்ததைச் சொல்லுங்கள். உங்களுக்காக நான் பூசி மெழுகப் போவதில்லை.

சோறு ஃப்ரிட்ஜில். சூடு பண்ணவாவது தெரியும் என்று நினைக்கிறேன்.

நோட்டை எடுத்துப்போகிறேன். தேட வேண்டாம்.

இன்னொன்று. பல் தேய்க்கும்போது பாப்பா கேட்டாள்:

"அம்மா, அந்தப் பார்க்குக்கு எப்படிப் போகணும்னு அப்பாவுக்குத் தெரியுமா?"